பத்திரத்தில் நீ, கையெழுத்தில் நான்

2025 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50. எல்லைக் கற்கள் பதினொன்று. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை பனியில் நனைந்து, ஒவ்வொரு கல்லையும் தொட்டு எண்ணிவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாளை பத்தரை மணிக்கு மலைக்குக் கீழே பத்திர ஆபீசில், இந்தக் கற்களுக்குள் அடங்கிய ஒன்றரை ஏக்கரை இருபத்தொன்பது வருடக் குத்தகைக்கு விட்டு நான் கையெழுத்துப் போடுவதாகப் பேச்சு. நிலம் உன்னுடையது. உனக்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. உள்ளே அம்மாவின் முந்தானையைச் சுருட்டிப் பிடித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறாய்.

அந்தத் தூங்குகிறவனுக்கு நான் எழுதவில்லை. பதினெட்டு முடித்து, பெட்டியைத் திறந்து பத்திரத்தை நீயே எடுத்துப் படித்து, இந்த அப்பா என்ன செய்து வைத்திருக்கிறார் என்று நெற்றியைச் சுருக்கப் போகிற மகனுக்கு எழுதுகிறேன். எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பிள்ளை பேரில் நிலத்தை எழுதிவிட்டு, அது தன் நிலம் என்றே நினைத்துக்கொண்டு திரிகிற அப்பன்கள் இந்த ஆலத்தூர் நாட்டிலேயே (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) எனக்குத் தெரிந்து பல பேர். அவர்களும் படிக்கட்டும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. சிவில் படித்தவன், நிலம் அளப்பவன், வயது முப்பத்திரண்டு. அளவு சரியாக இருந்தால் சரி என்பேன், இல்லாவிட்டால் தப்பு என்பேன். நடுவில் நிற்கப் பொறுமை கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டு மாதமாக நடுவிலேயே நிற்கிறேன்.

இந்த நேரத்தில் எங்கள் காட்டுக்கு உருவமே இருக்காது. சில்வர் ஓக் மரங்கள் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். அவற்றின் மேல் ஏறிய மிளகுக் கொடி மட்டும் கறுப்பாக, யாரோ நின்று பார்க்கிற மாதிரி தெரியும். கீழே எங்கோ முதல் பஸ் வளைவுகளில் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறும் சத்தம் ஒருமுறை இந்தப் பக்கம் கேட்கும், ஒருமுறை அந்தப் பக்கம் கேட்கும், பஸ் எங்கே இருக்கிறது என்று சொல்லவே முடியாது. இந்தப் பனிக்குள் நின்று உன்னை வளர்த்துப் பார்ப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. மரத்துக்கு மரம் நீ ஒரு வயது கூடுகிறாய். முதல் மரத்தில் பல் விழுந்தவன், நாலாவது மரத்தில் குரல் உடைந்தவன். பாறைக்குப் பக்கத்தில் வரும்போது என்னைவிட உயரமாக, தோளில் பையோடு, என் நடையே நடந்து வருகிறாய். முகம் மட்டும் தெரிவதில்லை. முகம் தெரியப் போகும் சமயத்தில் வெயில் வந்துவிடும், நீ கலைந்துவிடுவாய். இன்றைக்கும் வந்தாய். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தாய். அதனால்தான் கல் எண்ணப் போனேன். எண்ணிக்கொண்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

நிலம் உன் பேருக்கு வந்த கதையை முதலில் சொல்கிறேன். உனக்குக் காது குத்திய அன்று உன் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, பாறையடிப் பலாமரத்தை உனக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம். மகள் பெற்ற முதல் பிள்ளைக்குத் தாத்தன் ஒரு மரம் கொடுப்பான். நிலம் யார் கைக்குப் போனாலும் மரமும் காயும் அந்தப் பிள்ளைக்கு. காகிதம் கிடையாது, சாட்சிக்கு வந்திருக்கிற சொந்தம் போதும். அவர் உன் கையைப் பிடித்து மரத்தில் மஞ்சள் பூச வைத்தார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஏனுங் மாமா, மரத்தைக் குடுத்துட்டீங்க. மரம் நிக்கிற மண்ணு யாருதுங்க?"

"மரம் அவனுதுன்னா வேரும் அவனுதுதானுங்க மாப்பிளே."

"வேருக்குப் பட்டா இல்லீங்களே."

பந்தியே சிரித்தது. அப்புச்சி இலையில் இருந்த சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "பாருங்கய்யா, நாம பொண்ணுக் குடுத்தது இஞ்சினீருக்கு. வேரையும் டேப்பு வெச்சு அளந்து குடுக்கோணுமாட்ட இருக்குது."

அவரும் சிரித்தார். ஆனால் இரண்டு வாரத்தில் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போய், மரத்தைச் சுற்றியிருந்த ஒன்றரை ஏக்கரையும் உன் பேருக்குத் தானமாக எழுதி வாங்கிவிட்டேன். ஊரில் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள். உண்மையை உன்னிடம் சொல்லிவிடுகிறேன். மருமகன் தன் பேருக்கு நிலம் கேட்டால் வெட்கக்கேடு. பேரன் பேருக்குக் கேட்டால் பாசம். நான் உன்னை முன்னால் நிறுத்தி எனக்குத்தான் கேட்டேன். பத்திரம் எழுதுகிறவர், "மைனர் பேரு, கார்டியன் நீங்க, மூணு பக்கம் இருக்குது, படிச்சுப் பார்த்துட்டு கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் சர்வே எண்ணும் நான்கு எல்லையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், சரியாக இருந்தது, போட்டேன். மூன்றாம் பக்கத்தைப் புரட்டக்கூட இல்லை. ஊரார் வரைபடத்தில் அரை அடி தப்பு இருந்தால் கத்துகிறவன் நான்.

மூன்றாம் பக்கத்தில் என்ன இருந்தது என்றால், பிள்ளை மேஜராகும் வரை கார்டியன் இந்தச் சொத்தைப் பராமரிக்கலாம், வருமானத்தைப் பிள்ளையின் நலனுக்குச் செலவழிக்கலாம், ஆனால் கோர்ட் உத்தரவு இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ உரிமை இல்லை. அது பத்திரம் எழுதுகிறவர் வழக்கமாகச் சேர்க்கிற வரி. மீறிச் செய்தால், பிள்ளை பதினெட்டு முடித்த பிறகு மூன்று வருடத்துக்குள் கோர்ட்டுக்குப் போய் அதை உடைக்கலாம். அப்பா போட்ட கையெழுத்தைப் பிள்ளை அழிக்கலாம். சட்டத்தில் எத்தனையோ வறட்டு வரிகளைப் படித்திருக்கிறேன். இந்த ஒன்றை முதன்முறை படித்தபோது காதைப் பிடித்துத் திருகிய மாதிரி இருந்தது.

அது தெரியாமலேயே அந்த நிலத்தில் ஒரு வீடு கட்டினேன். மலைக்கு மாற்றலாகி வருகிற வாத்தியார்கள், நர்சுகள், ஆபீஸ்காரர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காது. நல்ல யோசனைதான். அவசரம்தான் கெட்டது. மலையில் சரிவை வெட்டப் பொக்லைன் இறக்குவதற்கே அனுமதி வேண்டும், மண்ணைப் பார்த்து, தாங்குசுவர் வரைபடம் கொடுத்து, நாலு ஆபீசில் கையெழுத்து வாங்க வேண்டும். கீழ்நாட்டில் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதிய விதி, இந்த மலை எனக்குத் தெரியாததா என்று சொல்லி, சரிவை நெட்டுக்குத்தாக வெட்டிச் சமன்படுத்தி, பின்சுவரை வெட்டு முகத்திலிருந்து ஆறடி தள்ளிக் கட்டினேன். கணக்குப் போட்டுத்தான் கட்டினேன். காய்ந்த மண்ணுக்கான கணக்கு அது.

அந்த வீட்டுக்கு முதலில் குடிவந்தவர் ஸ்டெல்லா டீச்சர். திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஊரில் வேலை பார்க்கிறார், இவர் இங்கே தனியாக. வாடகைக்கு ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, வாய்ப்பேச்சுதான். நிலம் உன் பேரில் என்று தெரிந்த நாளிலிருந்து உன்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஓனரே, ரூஃப் ஒழுகுது, எப்ப ஆள் அனுப்புவீய?" என்பார். நீ இடுப்பில் கை வைத்து, "நாளைக்கி வாரேன்" என்பாய். நாலு மணிக்கு அவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் சமையலறையில் உனக்கு ஒரு பிஸ்கட் நிச்சயம். சுவரோரம் ஒரு சின்ன முக்காலியில் உட்கார்ந்து தின்பாய். பின்சுவரோரம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வெட்டு முகம் அப்படியே வழுக்கி இறங்கிப் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் வந்தது. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாள் கட்டிக்கொண்டு நின்றதால் தாமதம். உனக்குக் காய்ச்சல், அம்மா மடியில் கிடந்தாய். நான் போய்ப் பார்த்தபோது சிவப்புச் சேறு அடுப்பை மூடி, இடுப்பளவுக்கு, ரொம்ப அமைதியாக, வெகுநாள் அங்கேயே குடியிருந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் மேல் டீச்சரின் எவர்சில்வர் தட்டு ஒன்று மல்லாந்து கிடந்து மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. முக்காலியைக் காணோம். டீச்சர் குடையோடு வந்து வாசலில் நின்றார்.

"என்ன சார், மலையே வாடகைக்கு வந்துட்டு போலிருக்கே?"

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதார். மறுநாள் முக்காலியைத் தோண்டி எடுத்தேன். ஒரு கால் கூட உடைந்திருக்கவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. பிறகு தாங்குசுவர் கட்டி, தண்ணீர் வெளியேறக் குழாய் வைத்து, விதியில் இருந்ததை எல்லாம் வரி வரியாகச் செய்து, சமையலறையை எடுத்துக் கட்டி டீச்சரைத் திரும்பக் குடிவைத்தேன், அனுமதியை மட்டும் வாங்கவில்லை. வாங்கப் போனால் ஏற்கெனவே வெட்டியதைச் சொல்ல வேண்டும்.

தனசேகர் வந்தது போன கார்த்திகையில். ஈரோட்டுப் பக்கம் துணி வியாபாரம், பல ஊர்களில் கட்டடம் வாங்கி வாடகைக்கு விடுகிறவர். கெட்டவர் என்று நினைக்காதே. காட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். பாறை மேல் ஏறி நின்று, பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எடத்தை எனக்கு விலைக்குத் தர முடியாதுன்னு தெரியுமுங்க. மலைக்காரங்க நெலம், வெளியாளுக்குப் போகக் கூடாதுன்னு உங்க பட்டாவுலயே போட்டிருக்குது. நல்ல சட்டமுங்க அது, நானே சொல்றேன். ஆனா குத்தகைக்கு எடுக்கலாமில்லீங்களா? இருபத்தொம்போது வருசம். பத்து மரக் காட்டேஜு. கண்ணாடிச் சன்னலு. மேகம் நேரா படுக்கைக்கே வரும்."

செல்போனில் படம் காட்டினார். சரிவெல்லாம் மர வீடுகள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் விளக்கு, நடுவே பனி. பார்த்த அன்றிலிருந்து அந்த விளக்குகள் எனக்குள் எரிந்துகொண்டிருக்கின்றன. அளக்கிற கருவிக்கு ஒவ்வொரு வேலைக்கும் வாடகை கொடுத்து அலுத்துப்போனவன் நான். அந்தக் குத்தகைப் பணத்தில் சொந்தமாக ஒரு டோட்டல் ஸ்டேஷன் கருவி, சேலத்தில் என் பேர் எழுதிய ஒரு ஆபீஸ், உனக்கு அங்கே ஒரு பெரிய பள்ளிக்கூடம். வெளியாளுக்கு விற்கக் கூடாது என்கிற சட்டத்துக்கு இருபத்தொன்பது வருடக் குத்தகை என்பது கொல்லைப்புறக் கதவு. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. "தை பொறந்ததும் பத்திரம் போட்டுக்கலாம் தம்பி. உங்களுக்கு ஒத்து வல்லீன்னா சொல்லீருங்க, எடப்புளி நாட்டுல இன்னொரு எடம் பார்த்து வெச்சிருக்கேன்" என்றார்.

அப்போதுதான் பழைய பத்திரத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். அதே பத்திரம் எழுதுகிறவரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, நான் எழுதிய வரிதான், அதனால் என்ன என்பது போலப் பார்த்தார்.

"முறையாப் போறதுன்னா கோர்ட்டுல மனுப் போடோணும். மாசக்கணக்குல ஆகுமுங்க. அப்பறம் அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க, இதுல கொழந்தைக்கு என்ன நன்மைன்னு."

"அத்தனை மாசம் அவரு காத்திருக்க மாட்டாருங்க."

"அப்பப் போட்டுருங்க. கார்டியன் கையெழுத்து இருந்தாப் பதிஞ்சு வாங்கிக் குடுத்துருவேன். கேள்வி கேக்கற உரிமை ஒருத்தனுக்குத்தான் இருக்குது, அவன் இப்ப அங்கன்வாடி போறான். பெரியவனாகி வந்து பெத்த அப்பன் மேல கேசு போடுவானாக்கும்? எவன் போட்டிருக்கான்? நீங்க போட்டீங்களா?"

நான் சிரித்தேன். கண்ணு, நான் அங்கே சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கடிதத்துக்கு அர்த்தமில்லை. நல்ல கெட்டிக்காரத்தனமாகத்தான் தோன்றியது. வரும் வழியில் பைக்கில் ஒவ்வொரு வளைவிலும் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு ஏறினேன். எவன் போடுவான். எவன் போடுவான்.

உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் தார்ப்பாயில் மிளகுக் கதிரைக் காலால் மிதித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே மிதித்தாய். அவள் பாதியில் நிறுத்தவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.

"எங்கப்பன் எனக்குன்னு ஒரு கல்லு மண்ணு எழுதுல. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னாரு. சரி, எம் பையனுக்காச்சும் குடுத்தாருன்னு இருந்தேன். இப்ப நீங்க அதையும் ஊட்டுக்கு வந்தவருக்குக் குடுக்கறீங்க."

"குடுக்கலே. குத்தகைதான்."

"எத்தன வருசம்?"

"இருவத்தொம்போது."

அவள் விரல் விட்டு எண்ணினாள். "அப்ப எஞ்சாமிக்கு முப்பத்திமூணு முடிஞ்சிருக்கும். இப்ப இருக்கற உங்களைவிட மூத்தவனா இருப்பான்."

அடுத்த கதிர்க் குவியலைக் காலால் இழுத்தாள். நான் மனக்கணக்கில் கெட்டிக்காரன், இருந்தும் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. உன் இளமை முழுவதையும், நீ ஒரு வீடு கட்ட நினைக்கிற வயதை, நீ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து "இது எங்க காடு" என்று காட்ட நினைக்கிற வயதை, எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் தாண்டிப் போகிற எண் அது.

இருந்தும் நிறுத்தவில்லை. எனக்கு ஒரு வேலையைத் தொடங்கினால் நிறுத்த வராது. காட்டேஜுக்கு வழி விட டீச்சர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். போய்ச் சொன்னேன், மாசக் கடைசிக்குள் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று. டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடினார்.

"வாயில சொன்னா நான் போவ மாட்டேன் சார். எழுத்துல நோட்டீஸ் குடுங்க. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு."

"நான்தானே வீட்டுக்காரன்?"

"வாடகை வாங்குதது நீங்க. வீட்டுக்காரர் யாருன்னு காது குத்துக்கு வந்த ஊருக்கே தெரியும். அவர்ட்ட கேட்டீயளா?"

"டீச்சர், அவனுக்கு என்ன தெரியும்?"

"தெரியாதவன் சொத்தைத்தான் சார் நாம ரொம்பப் பத்திரமாப் பாக்கணும். தெரிஞ்சவன் அவனே பாத்துக்கிடுவான்."

கோபத்தில் வந்து ஒரு வெள்ளைத் தாளில் நோட்டீஸ் எழுதினேன். "மேற்படி வீட்டின் உரிமையாளரான" என்று தொடங்கியதுமே பேனா நின்றது. உன் பேரை எழுதி, அதற்குக் கீழே என் பேரை எழுதி, இது யாருடைய கோபம் என்று தெரியாமல் தாளை மேசையில் விட்டுவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் நீ அதன் மேல் மெழுகுப் பென்சிலில் ஒரு பஸ் வரைந்திருந்தாய். பஸ்ஸின் எல்லாச் சன்னலிலும் தலைகள். ஒரு சன்னலில் கண்ணாடி போட்ட ஒரு தலை. "இது ஆரு?" என்றேன். "ஸ்டெல்லா மிஸ்ஸு. ஊருக்குப் போயிட்டு வாராங்க" என்றாய். வருகிறாராம். போகிறார் என்று நீ நினைக்கவே இல்லை.

இன்றைக்குக் காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் சொன்ன அந்த ஒரே கேள்விக்கு, கோர்ட்டில் கேட்டால் என்ன சொல்லுவேன் என்று எழுதிப் பார்த்தேன். குழந்தைக்கு என்ன நன்மை. ஒன்று, கருவி. அது எனக்கு. இரண்டு, சேலத்தில் ஆபீஸ். அதுவும் எனக்கு. மூன்று, பெரிய பள்ளிக்கூடம். இது உனக்கு என்று பெருமையாக எழுதினேன். எழுதிவிட்டு யோசித்தால், இப்போது நீ போகப் போகிற பள்ளிக்கூடத்தில் டீச்சர் இருக்கிறார், நீ அழாமல் போவாய், சேலம் நான் போக வேண்டும் என்பதற்காக நீ போகிற இடம். அடித்தேன். நான்காவதாக எதுவும் வரவில்லை. வரைபடம் வரைகிற பேனா, தாளின் மேல் வெறுமனே நின்றது. வெளியே விடியலும் இல்லை, இருட்டும் இல்லை, பால் கலங்கின மாதிரி ஒரு வெளிச்சம். அதற்குள் நீ வந்தாய், இருபது வயதில், கையில் காகிதத்தோடு.

இந்தமுறை உன் பின்னாலேயே நானும் வந்தேன், அதாவது ஐம்பதை நெருங்கும் நான். ஒரு நீளமான வராந்தா, மர பெஞ்சு, மின்விசிறி சுற்றுகிறது, யாரோ பேர் கூப்பிடுகிறார்கள். ஒரு முனையில் நீ உட்கார்ந்திருக்கிறாய், மறுமுனையில் நான். நடுவில் பனி. நீ கேஸ் போட்டிருக்கிறாய் என்றால் நம் வீட்டில் பேச்சே அற்றுப் போயிருக்கும். நீ கேஸ் போடவில்லை என்றால் என்னைப் பார்த்து, என் வயதைப் பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு உன் நிலத்தில் யாருடைய விளக்கோ எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாய். இரண்டில் எது நடந்தாலும் அந்தப் பெஞ்சில் உன்னைக் கொண்டுபோய் உட்கார வைத்தது நான்தான். இரண்டாவதுதான் நடக்கும் என்று நம்பித்தான் அன்றைக்கு நான் சிரித்தேன். அந்தக் குத்தகைக்கு ஜாமீன் நிலம் கிடையாது சாமி. உனக்கு என் மேல் இருக்கப் போகிற பாசம்தான் ஜாமீன். இன்னும் சரியாக முளைக்கவே இல்லாத ஒன்றை நான் முன்கூட்டியே ஈடு வைக்கப் பார்த்தேன்.

விதிகளை எழுதுகிறவர்களுக்கு மலை தெரியாது என்று நான் பல வருடம் கத்தியிருக்கிறேன். சில விதி நிஜமாகவே மடத்தனமானது, அதை இப்போதும் சொல்வேன். ஒரு தாளுக்கு நாலு ஆபீஸ் அலைய வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் சரிவை வெட்டாதே என்றவன் அந்த முக்காலியை நினைத்திருக்கிறான். விற்காதே என்றவன் இந்த மலையில் பிறந்த உன் அம்மாவின் ஆட்களை நினைத்திருக்கிறான். கோர்ட்டைக் கேட்காமல் கொடுக்காதே என்றவன் உன்னை நினைத்திருக்கிறான். உன்னைப் பார்த்தே இராத எவனோ ஒருவன், நான் பிறப்பதற்கு முன்பே, உனக்காக என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறான். சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறான்.

நீயும் ஒரு நாள் ஒருவருக்கு வீடு விடுவாய், அல்லது ஒருவர் வீட்டில் குடியிருப்பாய். எழுதி வாங்கு, எழுதிக் கொடு, கடைசிப் பக்கம் வரை படி. அவசரப்படுத்துகிறவனிடம் கையெழுத்துப் போடாதே, அவசரப்படுத்துகிறவன் நீயாகவே இருந்தால் மறுநாள் போடு. இதற்கு மேல் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. வெளியே மிளகுக் கொடி பச்சையாகத் தெரியத் தொடங்கிவிட்டது. நீ புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிடுவாய். அதற்குள் எழுதி முடிக்கிறேன்.

செய்யப் போவது:

1. ஒன்பது மணிக்குத் தனசேகருக்குப் போன் செய்து நாளைக்கு வரவில்லை என்று சொல்வேன். காரணத்தையும் சொல்வேன். அவர் எடப்புளி நாட்டு இடத்துக்குப் போய்விடுவார், போகட்டும். அங்கேயும் பத்திரத்தில் மைனர் பேர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

2. டீச்சர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பேன். எனக்கு அது வராது, இருந்தாலும் கேட்பேன். முறையான வாடகை ஒப்பந்தம் ஒன்று எழுதுவேன். உரிமையாளர் என்ற இடத்தில் உன் பேர், கார்டியன் என்று எனக்கு ஒரு சின்ன இடம்.

3. வீட்டுக்கான அனுமதிக்கு விண்ணப்பிப்பேன். கேட்காமல் வெட்டினேன், இடிந்தது, பிறகு சுவர் கட்டினேன் என்று உள்ளதை எழுதுவேன். அபராதம் போட்டால் என் சம்பாத்தியத்தில் கட்டுவேன், வாடகையைத் தொட மாட்டேன். இடிக்கச் சொன்னால் டீச்சருக்கு முதலில் வேறு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டு இடிப்பேன்.

4. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அப்புச்சியிடம் போவேன். அன்றைக்கு யாருக்காகக் கேட்டேன் என்று சொல்வேன். அவர் திட்டி முடித்ததும், மிச்சம் இருக்கிற காட்டில் மகளுக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்பேன். என் பேருக்கு வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

5. சேலத்து ஆபீஸ் இப்போதைக்கு இல்லை. கருவியை வாடகைக்கே எடுப்பேன். முணுமுணுப்பேன், அதை யாரும் பொருட்படுத்த வேண்டாம்.

6. நீ மேஜராகிற வரை இந்த நிலத்தில் நான் எதைச் செய்ய நினைத்தாலும், முதலில் 'இதில் உனக்கு என்ன நன்மை' என்று ஒரு தாளில் எழுதுவேன். தாள் நிரம்பினால் கோர்ட்டில் மனுப் போடுவேன். நிரம்பாவிட்டால் விட்டுவிடுவேன்.

7. பதினெட்டுக்குப் பிறகு நீ இதில் காட்டேஜ் கட்டலாம், சட்டம் விடுகிற ஆளுக்கு விற்கலாம், தனசேகரின் மகனுக்கே குத்தகைக்கு விடலாம், தரிசாகவும் போடலாம். அப்படிச் செய்யாதே என்று இங்கே ஒரு வரி சேர்க்கக் காலையிலிருந்து கை பரபரக்கிறது. சேர்க்க மாட்டேன்.